தண்ணியா, தடியா

கத்திரி கையில் இருக்கும்போது மனசு வேறு எங்கும் போகக் கூடாது என்று கோபோகோ அய்யா சொல்வார். எங்கள் கம்பளிக் கொட்டகைக்கு அவர்தான் பொறுப்பாளர். மெரினோ ஆட்டுத் தோல் நனைந்த காகிதம் மாதிரி. நினைப்பு ஒரு விரல்கடை நகர்ந்தால் ரத்தம் வந்துவிடும். அந்த வாரம் நான் பதினோரு ஆடுகளைக் காயப்படுத்தினேன். சாதாரண நாளில் ஒரு காயத்துக்கே என் பாட்டன் பூட்டன் வரை இழுத்துத் திட்டுபவர், அந்த வாரம் வாயைத் திறக்கவில்லை. மருந்து டப்பாவை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

என் பெண்டாட்டி மாலேஃபா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். செங்குன்யானே ஆற்றுக்கு அந்தக் கரையில் அவள் ஊர். குதிரையில் போனால் ஒரு முழு நாள். தலைப்பிரசவம் என்றால் எங்களில் தாய்வீடுதான், புருஷன் அங்கே எட்டிப் பார்க்கக் கூடாது. சேதி வரும்வரை தன் வேலையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

அந்தச் சேதியும் வாயால் வராது. பெண் வீட்டிலிருந்து ஆள் பூனை மாதிரி வரும். பெண் குழந்தை என்றால் பின்னாலிருந்து தகப்பன் தலையில் ஒரு வாளித் தண்ணீர். ஆண் குழந்தை என்றால் முதுகில் தடியால் ஓர் அடி. சும்மா தொட்டுவிட்டுப் போகிற அடி இல்லை, வீங்குகிற அடி. அதற்கு அப்புறம்தான் பேச்சு, சிரிப்பு எல்லாம்.

கெட்ட சேதி என்றால் வாளியும் கிடையாது, தடியும் கிடையாது. அதற்கு இரண்டு பேர் வருவார்கள். ஒருத்தர் சொல்ல, ஒருத்தர் தாங்கிப் பிடிக்க. அவர்களும் சத்தம் போடாமல்தான் வருவார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து ஆடு கத்திரிப்பவன் ரன்ட்சோ. நாலு பையன்களுக்குத் தகப்பன். நாலு தரமும் தடி வாங்கியவன்.

"என்ன மொகேட்டே, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறே? சுளுக்கிக்கப் போவுது."

"வாயை மூடிட்டு வெட்டு."

"தண்ணிதான்னு தெரிஞ்சா முன்னாடியே சொல்லிரு. சோப்பு எடுத்துட்டு வரேன். அப்படியே முதுகையும் தேய்ச்சு விட்டுர்றேன்."

அவன் பெண்டாட்டி மாபூசோ கம்பளி தரம் பிரிக்கிற மேஜையில் நிற்பாள். அங்கிருந்தே சொல்வாள்: "சோப்பு எப்படியிருக்கும்னு உனக்குத் தெரியுமா? அந்த மனுஷனைச் சும்மா விடு."

"நான் பொறாமையில சொல்றேன்டி. நாலு அடி வாங்கியாச்சு, ஒரு சொட்டுத் தண்ணி படல. ஒரு பொண்ணு பெத்துக் குடுத்தியா நீ?"

"விதை குடுத்தது நீ. நீ குடுத்ததைத்தான் நான் பெத்தேன்."

கொட்டகை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். கை மட்டும் சிரிக்காது, இன்னோர் ஆட்டில் ரத்தம் வரும்.

தலைப்பிரசவம் என்று சொன்னேன். சரியாகச் சொன்னால் இரண்டாவது. முதலாவது உயிரோடு வரவில்லை, அதனால் கணக்கில் சேராது என்று என் அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

அப்போது நான் வெல்கோமில் தங்கச் சுரங்கத்தில் இருந்தேன். எல்லை தாண்டி, பூமிக்குள் இரண்டு கிலோமீட்டர் கீழே. என் அப்பா இருந்த இடம், அவர் அப்பா இருந்த இடம். எங்கள் நாட்டில் ஆண்பிள்ளை என்றால் கீழே இறங்க வேண்டும், பெண்பிள்ளை என்றால் தையல் மிஷின் முன்னால் நிற்க வேண்டும், மலையில் மிச்சம் இருப்பது ஆடு. மாலேஃபா மாபுட்சோவேயில் ஜீன்ஸ் தைக்கிற ஃபேக்டரியில் இருந்தாள். அமெரிக்காக்காரன் போடுகிற ஜீன்ஸ், அதில் இடது பக்கப் பாக்கெட் மட்டும்தான் அவள் வேலை. ஆறு வருஷம் இடது பாக்கெட். வயிற்றில் இருப்பது தெரிந்தால் அடுத்த ஒப்பந்தத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். ஏழாவது மாதம் மிஷினுக்கு முன்னாலேயே விழுந்தாள். எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. எட்டு நாள் நான் ஒன்றுமே தெரியாமல் பாறையைத் துளைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அப்புறம் சுரங்கத்தில் நாங்கள் இறங்குகிற வாசலை மூடினார்கள். என்னோடு நானூறு பேர் ஊர் திரும்பினோம். சுரங்கம் கற்றுக்கொடுத்த எதுவும் மலையில் உதவாது. முப்பத்து நாலு வயதில் ஆடு கத்திரிக்கப் பழகினேன்.

மாலேஃபா என்பது அவள் பிறந்தபோது வைத்த பேர் இல்லை. எங்களில் மாப்பிள்ளை வீடுதான் மாடு கொடுத்துப் பெண் எடுக்கும். அப்படிக் கல்யாணம் ஆகி வருகிற பெண்ணுக்கு மாமியார் புதுப் பேர் வைப்பாள், பிறக்கப் போகிற பிள்ளையின் பேரைச் சேர்த்து. மாலேஃபா என்றால் லேஃபாவின் அம்மா. ஆணோ பெண்ணோ, முதல் பிள்ளை லேஃபா. எட்டு வருஷம் ஊரே அவளை லேஃபாவின் அம்மா என்று கூப்பிட்டது. லேஃபாதான் இல்லை.

ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஒரு பையன் வந்தான், தலைநகர்ப் படிப்பு, சுத்தமான ஷூ. எங்கள் வீட்டில் அப்போது அம்மாவும் மாலேஃபாவும் மட்டும்தான். நான், என் இரண்டு தம்பிகள், ஒரு தங்கை எல்லோரும் எல்லைக்கு அந்தப் பக்கம். அம்மா எல்லோரையும் எழுதச் சொன்னாள்.

"இங்க இல்லாதவங்களையுமா அம்மா?" என்று கேட்டிருக்கிறான்.

"இங்க இல்லாதவங்க அனுப்பறதைத்தானேப்பா இங்க இருக்கறவங்க திங்கறோம். எழுது."

எழுதினான். இல்லாதவர்களை எழுதுவது அவனுக்கும் வழக்கம்தான். அப்புறம் மாலேஃபாவின் பேரைக் கேட்டு எழுதிவிட்டு, தலை நிமிராமல், "சரி, லேஃபாவுக்கு என்ன வயசு?" என்றிருக்கிறான். அவன் மேல் தப்பில்லை. அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அம்மாதான், "அந்தக் கட்டத்தைக் காலியா விடு" என்றாளாம்.

இப்போது அந்தக் கட்டத்துக்காகத்தான் நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். கட்டம் காலியாகவே போகட்டும், அவள் திரும்பி வந்தால் போதும் என்றும் சில சமயம் தோன்றும். தோன்றியதற்கு என் மேலேயே கோபம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை வலி எடுத்துவிட்டது என்று உப்பு மூட்டை ஏற்றி வந்த ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது. ஆற்றுக்கு இந்தக் கரையில் இருக்கிற போன் டவரில் இடி விழுந்து பத்து நாள். ஆற்றில் வெள்ளம். திங்கள் போனது, செவ்வாய் போனது. வலி எடுத்து மூன்று நாள் சேதி இல்லாமல் இருக்கிற வீட்டைப் பற்றி எங்கள் ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும், நானே பேசியிருக்கிறேன்.

புதன்கிழமை மத்தியானம் ஆலங்கட்டி மழை வந்தது. கொட்டகையின் தகரக் கூரையில் கல்லைக் கொட்டிய மாதிரி சத்தம். பட்டியில் நூற்றுச் சொச்சம் ஆடுகள் கத்திரிப்புக்காக நின்றன. நனைந்த ஆட்டைக் கத்திரிக்க முடியாது, கம்பளி மூட்டைக்குள்ளே புழுங்கி அழுகிவிடும்.

"ஓட்டிட்டு வாங்கடா உள்ள!" என்று கோபோகோ அய்யா கத்தினார்.

ரன்ட்சோ ஆணியில் தொங்கிய போர்வையை உருவி மேலே போட்டுக்கொண்டு வெளியே ஓடினான். அது என் போர்வை, மலையில் எங்களுக்குப் போர்வைதான் கோட்டு. அவன் போர்வையை மாபூசோ கம்பளிக் குவியல் மேல் மூடியிருந்தாள், கூரை அந்த இடத்தில் ஒழுகும். என் போர்வை பழுப்பு நிறம், மஞ்சளில் சோளக்கதிர் போட்டது. மாலேஃபா தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. நான் அடுத்த ஆட்டைப் பிடித்து இழுத்தேன். போர்வையைப் பற்றி யோசிக்கிற நிலையில் இல்லை.

மழை வந்த வேகத்தில் நின்றது. நான் ஒரு ஆட்டை முடித்து விட்டுவிட்டு, முதுகை நிமிர்த்த வாசலுக்கு வந்தேன். அப்போதுதான் பார்த்தேன். ஆற்றுப் பக்கச் சரிவில் இரண்டு குதிரைகள் ஏறி வந்தன. இரண்டு பேர். குதிரைகள் நடந்து வந்தன, ஓடவில்லை. முன்னால் வந்தது என் மச்சினன் செலோ. அவன் குதிரையை நடக்க விட்டு நான் பார்த்ததே இல்லை. குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவன். அன்றைக்குச் சேணத்தில் மூட்டை மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தான். பின்னால் கறுப்புப் போர்வையில் ஒரு பொம்பளை. இரண்டு பேரும் பேசவில்லை. தூரத்திலிருந்தே கையைத் தூக்கி வணக்கம் சொல்வதுதான் எங்கள் மலைப் பழக்கம். அதுவும் இல்லை.

நான் ஓடினேன். சொல்ல வெட்கமில்லை. சுரங்கத்தில் கூரை இறங்கியபோது பக்கத்தில் இருந்தவனை இழுத்துக்கொண்டு நின்றவன் நான். அன்றைக்குக் கொட்டகையின் பின்வாசல் வழியாக ஓடி, ஆடுகளை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கிற தொட்டிக்குப் பின்னால் போய்க் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தேன். அவர்கள் என்னைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் அவள் உயிரோடு இருப்பாள் என்று ஒரு கணக்கு. மருந்து நாற்றம் மூக்கை அறுத்தது. நல்ல சேதிக்கும் சத்தமில்லாமல்தானே வருவார்கள் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஒரு வாளி ஊற்ற எதற்கு இரண்டு பேர்?

அப்போது ஒரு பொம்பளை அலறினாள்.

மாபூசோவின் குரல். அப்புறம் இன்னும் நாலைந்து குரல். ஆடுகள் மிரண்டு கத்தின. நான் தலையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். முடிந்தது, மாபூசோவிடம் முதலில் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். காதைப் பொத்தத் தோன்றவில்லை. எட்டு நாள் கழித்துக் கேட்டதை இந்தத் தரம் உடனே கேட்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஏதோ ஓடியது.

கொஞ்ச நேரத்தில் அந்த அலறலுக்குள் வார்த்தைகள் கேட்க ஆரம்பித்தன. கெட்ட வார்த்தைகள். ரன்ட்சோவின் அம்மாவைப் பற்றியும், அவன் இடுப்புக்குக் கீழே இருப்பதைப் பற்றியும். சாவுச் சேதி கேட்டவள் இந்த மாதிரி பேச மாட்டாள். நான் தலையைத் தூக்கினேன்.

சுற்றி வந்து பார்த்தபோது பட்டிக்கு நடுவில் ரன்ட்சோ நின்றுகொண்டிருந்தான். தலையிலிருந்து கால் வரை சொட்டியது, என் போர்வையும் சேர்ந்து. மாபூசோ கையில் துடைப்பக் கட்டை. அவனுக்குப் பின்னால் காலி வாளியோடு அந்தக் கறுப்புப் போர்வைப் பொம்பளை, வாயெல்லாம் பல்லாகக் குலவை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ அவ? சொல்லு! எந்த ஊருக்காரி?"

"எனக்கு என்னடி தெரியும்? ஆடு ஓட்டிட்டு இருந்தேன்! வானம் பொத்துக்கிட்டுத் தலையில விழுந்துச்சு!"

"வானமா? வானம் வந்து பொண்ணு பொறந்திருக்குன்னு சொல்லுதா? நாலு பயலைப் பெத்தவ இங்க நிக்கறேன், உனக்குப் பொண்ணு எவ பெத்தா?"

கறுப்புப் போர்வைக்காரி குலவையை நிறுத்தினாள். "ஏம்மா, நல்ல சேதி சொல்ல வந்தா எங்க வீட்டு மாப்பிள்ளையை அடிக்கறே? நீ யாரு?"

"நான் யாரா? பதினாறு வருஷமா இவனுக்குக் களி கிண்டிப் போடறவ!"

அந்தம்மா கையிலிருந்த வாளி கீழே விழுந்தது. "அடப்பாவி! முன்னாடியே ஒருத்தி இருக்காளா? எங்க அண்ணன்கிட்ட யாருமே சொல்லலியே! மாடெல்லாம் வாங்கிக்கிட்டுப் பொண்ணைக் குடுத்துட்டாரே!"

"சொல்லுடா, எத்தனை மாடு குடுத்தே? எனக்கு ஆறுதான் குடுத்தே!" துடைப்பக் கட்டை மறுபடியும் எழுந்தது.

"எங்கிட்ட ஏதுடி மாடு?" ரன்ட்சோ தலையைப் பொத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினான். "கழுதைகூடக் கடன் வாங்கித்தான் ஓட்டறேன்!"

அந்தம்மாவை எனக்குத் தெரிந்துவிட்டது. என் மாமனாரின் தங்கை. கல்யாணத்தில் ஒரு தரம், ஒரு சாவில் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். கண் அவ்வளவாகத் தெரியாது.

"அத்தே," என்றேன். அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "அத்தே, மொகேட்டே நான்."

எல்லோரும் திரும்பினார்கள். அத்தை என் முகத்தருகே வந்து பார்த்தாள். அப்புறம் ரன்ட்சோவைப் பார்த்தாள்.

"அப்ப இவன் யாரு?"

"கூட வேலை செய்யறவன்."

"பழுப்புப் போர்வை, மஞ்சள் சோளக்கதிர்னுதானே சொல்லி அனுப்பினாங்க! உன் போர்வையை இவன் எதுக்குப் போட்டிருக்கான்?"

"எனக்குத் தலையெழுத்து!" என்றான் ரன்ட்சோ, மூச்சிரைக்க.

கொட்டகை வெடித்துச் சிரித்தது. கோபோகோ அய்யா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் என்றால் பெண் குழந்தை. உயிரோடு இருக்கிற குழந்தை. அது சரி.

"அத்தே, அவ?"

"இரு. முதல்ல தண்ணி." வாளியைப் பொறுக்கிக்கொண்டாள். "சொல்ற முறையிலதான் சொல்லணும். கண்டவன் தலையில ஊத்தினது சொன்னதாகாது."

"பொறந்ததைத்தானே வாயால சொல்லக் கூடாது? பெத்தவளைச் சொல்லலாமில்ல?"

"ஊத்தறதுக்கு முன்னாடி எதுவும் பேசக் கூடாது. எங்க வீட்டுல அப்படித்தான்." ஊற்றுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். அறுபது வயசுக்காரி, நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

"இருக்காளா இல்லியா, தலையை மட்டும் ஆட்டுங்க."

"பேசாதே, முறை கெட்டுப்போகும்."

ஊற்றுக்குப் பக்கத்தில் செலோ குதிரைகளைக் கட்டிவிட்டு ஒரு பாறையில் சாய்ந்து கிடந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. உதடு வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்தான், நனையாத என் சட்டையைப் பார்த்தான், ஊற்றில் குனிந்த அத்தையைப் பார்த்தான்.

"ஆளை மாத்தி ஊத்திட்டியா கிழவி?"

"வாயை மூடு செலோ!"

"போடி." அவன் என் பக்கம் திரும்பினான். "உயிரோட இருக்கா மச்சான். ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க. உட்காரு, விழுந்துறப் போறே."

அவன் சொல்வதற்கு முன்பே நான் உட்கார்ந்துவிட்டேன். சேற்றில். அப்புறம் என்ன செய்தேன் என்று சரியாக ஞாபகமில்லை. அத்தை பின்னால் சொன்னது, கன்றுக்குட்டி மாதிரி சத்தம் போட்டேன் என்று.

செலோ கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை எடுத்த வலி திங்கள் விடிந்தும் முடியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஜீப் வரவழைத்து, மலைப் பாதையில் நாலு மணி நேரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். குழந்தையை வயிற்றைக் கீறி எடுத்தார்கள். குழந்தை நன்றாக அழுதது. அப்புறம் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் வகை ரத்தம் ஒரு பைதான் இருந்தது.

"உன்கிட்ட எடுத்தாங்களா?"

"ஒரு பை எடுத்தாங்க. இன்னொண்ணு எடுங்கன்னேன். அந்த நர்ஸ் என்னைத் திட்டுச்சு பாரு, எங்கம்மாகூட அப்படித் திட்டினதில்ல. அப்புறம் ஜீப் டிரைவரும் குடுத்தான். அவனும் அதே வகை."

"எடுத்த மறுநாளே ஏன்டா குதிரை ஏறினே? வேற ஆளே இல்லையா?"

"ஆத்துல வெள்ளம். இந்தக் குருட்டுக் கிழவியைத் தனியா அனுப்பினா டர்பனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எங்க வீட்டுல வேற ஆம்பளை யாரு இருக்கா? அண்ணனுங்க ரெண்டு பேரும் ருஸ்டன்பர்க் பிளாட்டினச் சுரங்கத்துல."

"அவ என்ன சொன்னா?"

"நேத்துக் காலைல கண்ணு முழிச்சா. கஞ்சி கேட்டா. குடிச்சுட்டு, உப்பு இல்லைன்னா." செலோ சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றது. "அப்புறம் சொன்னா, தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி அந்த மனுஷன் போர்வையைக் கழட்டச் சொல்லுங்க, நனைஞ்சா சாயம் போயிரும்னு."

அப்போதுதான் அத்தை ஊற்றினாள். மலை ஊற்று நீர், ஆலங்கட்டி கரைந்தது. மண்டை ஓட்டுக்குள் ஐஸ் கம்பி செருகிய மாதிரி இருந்தது. மூச்சு நின்று மறுபடியும் வந்தது. "பொண்ணு!" என்று காதுக்குள் கத்தினாள். "உனக்குப் பொண்ணு பொறந்திருக்கு மாப்பிள்ளை!" என்றாள், நான் இதுவரைக்கும் ஒன்றுமே கேள்விப்படாதவன் போல.

"இன்னொரு வாளி ஊத்துங்க," என்றேன்.

"எதுக்கு, ரெட்டைப் புள்ளையா?"

"ஊத்துங்க அத்தே."

ஊற்றினாள்.

கொட்டகைக்குத் திரும்பியபோது எல்லாப் பொம்பளைகளும் குலவை போட்டார்கள். மாபூசோ ரன்ட்சோவின் தலையைத் தன் பாவாடையால் துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் நெற்றியில் ஒரு புடைப்பு.

"மச்சான்," என்றான், "உனக்குப் பொண்ணு பொறந்ததுக்கு நான் தண்ணியும் வாங்கிட்டேன், தடியும் வாங்கிட்டேன்."

"மாடு ரெடி பண்ணுங்கடா பயலுங்களா!" என்று கோபோகோ அய்யா பட்டிப் பையன்களைப் பார்த்துக் கத்தினார். "லேஃபாவுக்கு இருபது மாட்டுக்குக் குறைஞ்சு பேசக் கூடாது!"

"அவ படிப்பா," என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எங்கள் மலையில் பெண்கள்தான் படிக்கிறார்கள், பையன்களை ஆட்டுக்குப் பின்னால் அனுப்பிவிடுகிறோம். ஆனாலும் படித்த பெண்களும் கடைசியில் மிஷின் முன்னால்தான் நிற்கிறார்கள். இடது பாக்கெட் தைக்க மட்டும் அவளை விட மாட்டேன். மாட்டேன் என்று சொல்ல என் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

சேதி கொண்டு வந்தவர்களுக்கு ஆடு அடிக்க வேண்டும். எனக்குச் சொந்தமாகப் பதினாலு ஆடுகள் கொட்டகையில் நின்றன. கொழுத்ததாக ஒன்றைப் பிடித்தேன். கத்திரிக்காதது, நனைந்தும் இருந்தது.

"கம்பளியை எடுத்துட்டு அடிடா, வீணாப் போவுது," என்றார் கோபோகோ அய்யா.

"நனைஞ்சிருக்கு அய்யா."

"காயட்டும், சாயந்தரம் அடி."

"செலோவால சாயந்தரம் வரைக்கும் தாங்க முடியாது," என்றேன். செலோ கம்பளிக் குவியல் மேல் மல்லாந்து கிடந்தான். கை கால்கள் வெளியே தொங்கின. கம்பளி சேர்ந்த தோலை அத்தை குழந்தைக்கென்று எடுத்துக்கொண்டாள், முதுகில் கட்டித் தூக்க அது வேண்டும். அந்த நனைந்த தோலைச் சுருட்டித் தன் குதிரையில் கட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

நான் ஈரலைத் தனியாக எடுத்தேன். முறைப்படி அது அத்தைக்குப் போக வேண்டும், வீட்டுப் பெரியவள். அவள் கையை நீட்டவும் செய்தாள். நான் அவளைத் தாண்டிப் போனேன். வாயைத் திறந்தவள், நான் எங்கே போகிறேன் என்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

கொட்டகை வாசல் நெருப்பில் ஈரலை வாட்டி, உப்புத் தூவி, தகரத் தட்டில் எடுத்துப் போய் செலோவை எழுப்பினேன். எழுந்திருக்க முடியவில்லை. முதுகுக்குக் கம்பளி மூட்டையை முட்டுக் கொடுத்து உட்கார வைத்தேன். துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்தேன். நான் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தேன், தட்டிலும் சொட்டியது.

"தின்னு."

தின்றான். பேசாமல், நிறுத்தாமல், கடைசித் துண்டு வரை. உதட்டில் கொஞ்சம் நிறம் வந்த மாதிரி இருந்தது, எனக்கு அப்படித் தோன்றியதாகவும் இருக்கலாம். விரலை நக்கிவிட்டுத் தட்டை என்னிடம் நீட்டினான்.

"இன்னும் இருக்கா?"

ஈரல் தீர்ந்துவிட்டது. நெஞ்சுக்கறி இருந்தது, தொடை இருந்தது, நெருப்பும் நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"இருக்கு," என்றேன்.